ஜிப்சியில் எஸ்டீம் என்ஜின்: மாற்றும் வேளையில் ஆயில் கசிவைச் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி ஜிப்சியில் அதே நிறுவனத்தின் எஸ்டீம் காரின் என்ஜினை ஏற்றுபவர்கள் எல்லோரும், எப்போதாவது ஒரு நாள், வண்டிக்கு அடியில் கருப்பாகப் படிந்திருக்கும் ஒரு வட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது, அதை நிறுத்த என்ன செய்ய வேண்டும், எந்தக் கட்டத்தில் செய்தால் வேலை சுலபம் என்பவை மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. என்ஜினை ஏற்றுவதற்கான மவுண்ட், வயரிங், ரேடியேட்டர் முதலியவை கசிவோடு தொடர்புள்ள இடங்களில் மட்டும் வரும்.

எந்த ஜிப்சி, எந்த என்ஜின் பற்றிப் பேசுகிறீர்கள்?

1985இல் வந்த முதல் ஜிப்சியில் 970 சிசி என்ஜின் இருந்தது. 1996இல் வந்த ஜிப்சி கிங்கில் 1298 சிசி கொண்ட, கார்புரேட்டர் பொருத்திய, எட்டு வால்வு ஜி13பிஏ என்ஜின் வந்தது. எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் முறை, கொண்ட எஸ்டீமில் உள்ள பதினாறு வால்வு ஜி13பிபி அதே குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னாளில் மாருதி நிறுவனமே அந்த என்ஜினை ஜிப்சியில் பொருத்தி விற்றது. ஆகவே கார்புரேட்டர் ஜிப்சி கிங்கில் எஸ்டீம் என்ஜினை ஏற்றுவது வெகு நாளாக நடக்கும் வேலை. முக்கியமான வேறுபாடு, எஸ்டீமில் இந்த என்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களை ஓட்டுகிறது, ஜிப்சியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்னால் உள்ள கியர் பாக்ஸோடு சேர்கிறது என்பதுதான். கீழே சொல்லப்படும் கசிவுகளில் சில இந்தத் திசை மாற்றத்தோடு தொடர்புள்ளவை.

பழைய காரில் ஒழுகாமல் இருந்த என்ஜின், ஜிப்சிக்கு வந்ததும் ஏன் ஒழுகுகிறது?

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் வாங்கப்படும் என்ஜின் பெரும்பாலும் பல மாதங்கள், சில வேளை வருடங்கள், ஓடாமல் கிடந்திருக்கும். ஓடாத என்ஜினில், சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு ஒரே இடத்தில் அழுந்திக் காய்ந்து விறைத்துவிடுகிறது. அந்த உதட்டை ஒட்டிய இடத்தில் கிராங்க் தண்டு (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) லேசாகத் துருப்பிடிக்கிறது. மீண்டும் ஓட்டியதும் விறைத்த ரப்பர் அந்தத் துருவின் மீது உரசிக் கிழிகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நம் கையாலேயே நடப்பது. என்ஜினை மாற்றும்போது சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) மாறுகிறது, பிரீதர் குழாய்களின் (உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்களின்) பாதை மாறுகிறது, கிராங்க் தண்டின் பின்முனையில் உள்ள ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் கழன்று மீண்டும் ஏறுகிறது, ஆயில் ஸ்விட்ச் மாறுகிறது. தொழிற்சாலையில் ஒருமுறை சேர்ந்த ஒவ்வோர் இணைப்பையும் நாம் திறந்து மூடுகிறோம். திறந்த இடம் ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடமே.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. பழைய காரிலும் அந்த என்ஜின் ஒழுகிக்கொண்டுதான் இருந்திருக்கலாம். அடியில் இருந்த மறைப்புத் தகடும் சேறும் சேர்ந்து அதை மறைத்திருக்கலாம்.

என்ஜின் வாங்கும்போதே கசிவைக் கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நான் முதலில் கேட்பது, சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையைத்தான். இந்த என்ஜின் புதிதில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ காட்டும். 12க்குக் கீழே போனாலோ, நான்கு சிலிண்டர்களுக்கு இடையில் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ, பிஸ்டன் ரிங்குகளையோ வால்வுகளையோ சந்தேகிக்க வேண்டும். ரிங் தேய்ந்த என்ஜினில் எரிந்த வாயு கீழே இறங்கி, என்ஜினின் உள்ளிருந்து எல்லாச் சீல்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட என்ஜினுக்கு எத்தனை முறை சீல் மாற்றினாலும் மூன்று மாதத்தில் மறுபடி ஈரமாகிவிடும்.

பளபளவென்று டீசல் ஊற்றிக் கழுவி வைத்திருக்கும் என்ஜினைவிட, அழுக்கோடு கிடக்கும் என்ஜின் மேலானது. அழுக்கு எந்த இடத்தில் தடித்திருக்கிறது என்பதே கசிவின் வரலாற்றைச் சொல்லிவிடும். கழுவிய என்ஜின் எதையும் சொல்லாது.

கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆயில் கீழ்நோக்கியும், வண்டி ஓடும்போது காற்றடிப்பால் பின்னோக்கியும் போகும். எனவே சொட்டு விழும் இடத்தைப் பார்ப்பதில் பயன் இல்லை. ஈரம் தொடங்கும் மிக உயரமான, மிக முன்புறமான இடத்தைத் தேட வேண்டும்.

என்ஜினை முழுவதும் சுத்தம் செய்து, காற்றடித்து உலர்த்திய பிறகு, சந்தேகமான இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே என்ஜினைப் பத்து நிமிடம் ஓட்டி, பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைத் தூளின் மேல் ஆயில் கோடு போட்டு இறங்கியிருப்பது தெளிவாகத் தெரியும். மெதுவாகக் கசியும் இடத்துக்கு இது போதாது. அதற்கு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் நல்லது. சாயம் கலந்து ஓரிரு நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு, இரவில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.

கழுவும்போது ஒரு கவனம்: பிளாக்கில் பொறித்திருக்கும் என்ஜின் நம்பரைக் கம்பிப் பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ தேய்க்கக் கூடாது. என்ஜின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவை. ஆய்வில் அந்த எண் படிக்கும்படி இருந்தாக வேண்டும். அழுக்கேறிய எண்ணை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டு துடைத்தாலே தெரிந்துவிடும்.

பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டுகிறது. பின் ஆயில் சீல் போய்விட்டதா?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. பெல் ஹவுசிங் என்பது என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு; பின் ஆயில் சீல், கிராங்க் தண்டின் பின்முனையில் இருப்பது. பெரும்பாலான பட்டறைகளில் உடனே கிடைக்கும் பதில் "ஆமாம், கியர் பாக்ஸை இறக்கணும்" என்பது. அவசரப்பட வேண்டாம்.

ஜிப்சியில் என்ஜின் நீளவாக்கில் நிற்பதால், சிலிண்டர் ஹெட்டின் பின்முனை ஃபயர்வாலை (என்ஜின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரை) ஒட்டி மறைந்துவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரோ, அதன் இடத்தில் வரும் கேம் சென்சாரின் கூடோ அந்தப் பின்முனையில்தான் இருக்கிறது. அதன் ஓ-ரிங் காய்ந்துபோனால், ஆயில் ஹெட்டின் பின்புறமாக இறங்கி, பிளாக்கின் முதுகு வழியாக வழிந்து, பிளாக்கும் பெல் ஹவுசிங்கும் சேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பெல் ஹவுசிங்கின் அடியிலேயே சொட்டும். ஹெட்டின் மேல்மூடியான டேப்பெட் கவரின் பின்மூலையில் கசிந்தாலும் இதே பாதைதான். எஸ்டீமில் அந்த முனை பானட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும். ஜிப்சியில் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் டார்ச்சும் இல்லாமல் தெரியாது.

அங்கே உலர்ந்திருந்தால், பெல் ஹவுசிங்கின் கீழ் மறைப்புத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஃபிளைவீலின் என்ஜின் பக்க முகத்திலிருந்து ஆயில் வட்டமாகச் சுழன்று, ஹவுசிங்கின் உட்சுவரில் கதிர்போல் தெறித்திருந்தால் பின் ஆயில் சீலைச் சந்தேகிக்கலாம். கிளட்ச் பக்கம் மட்டும் ஈரமாக இருந்து, விரலில் எடுத்து மோந்தால் கந்தக நாற்றம் அடித்தால், அது கியர் ஆயில்; கியர் பாக்ஸின் முன் தண்டுச் சீல்தான் குற்றவாளி. ஹவுசிங்கின் உள்ளே உலர்ந்து, வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால், மேலேயிருந்து வருகிறது என்பதில் ஐயமே இல்லை.

பின் ஆயில் சீலை எப்போது மாற்றுவது நல்லது?

என்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுங்கள். சீலின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. வண்டிக்குள் ஏறிய பிறகு அதே சீலை மாற்ற, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும் தண்டையும், கியர் பாக்ஸையும், கிளட்ச்சையும், ஃபிளைவீலையும் இறக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை.

மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவை எவை?

பழைய சீலை நெம்பும் ஸ்க்ரூடிரைவர் கிராங்க் தண்டில் பட்டு ஒரு கீறல் விழுந்தால், புதுச் சீலும் அந்தக் கீறல் வழியே கசியும். சீல் பொருத்தியுள்ள பின் தட்டையே கழற்றி, மேஜையில் வைத்துச் சீலைத் தட்டி எடுப்பது பாதுகாப்பானது. அப்படிக் கழற்றும்போது தட்டுக்கும் பிளாக்குக்கும் இடையேயுள்ள கேஸ்கட்டையும், தட்டின் அடிவிளிம்பு சம்ப்போடு சேரும் இடத்தையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பலரும் சீலை மாற்றிவிட்டு இந்த விளிம்பை விட்டுவிடுகிறார்கள்.

புதுச் சீலின் உதட்டுக்குப் பின்னால் மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று உண்டு. அது எப்போதும் ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். சாதாரண ரப்பர் உதடாக இருந்தால் என்ஜின் ஆயிலைத் தடவ வேண்டும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ வழவழப்பாக இருக்கும் பிடிஎஃப்இ (டெஃப்லான்) உதடாக இருந்தால், தயாரிப்பாளர் வேறு சொல்லாத வரை, ஆயில் தடவாமல் உலர்ந்த தண்டில் ஏற்ற வேண்டும். சீலைத் தட்டில் இறக்கும்போது அதன் விட்டத்துக்கு ஏற்ற பிவிசி கப்ளிங் ஒன்றை வைத்து, ஒரே பக்கம் தட்டாமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் நேராக இறங்கும்.

தட்டைக் கிராங்க்கின் மேல் ஏற்றும் நொடிதான் ஆபத்தானது. தண்டின் கூர்மையான விளிம்பு சீலின் உதட்டை உள்ளே மடித்துவிடும். மடிந்தது வெளியிலிருந்து தெரியாது, ஆனால் ஓட்டிய முதல் நாளே ஒழுகும். பால் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து, அதை நீளப் பட்டையாக வெட்டித் தண்டைச் சுற்றி வைத்து, அதன் மேல் வழுக்கிச் சீலை ஏற்றிவிட்டு, பிளாஸ்டிக்கை மெல்ல உருவி எடுத்தால் உதடு மடியாது. தட்டின் போல்ட்டுகள் சிறியவை. 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கத் தேவையில்லை.

கிராங்க் தண்டில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால்?

நகத்தைத் தண்டின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுப்படாத பளபளப்பு வளையம் தொல்லை தராது. நகம் விழுந்து நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து இறுக்கம் இல்லாமல் நிற்கும்.

மலிவான வழி, சீலைத் தட்டின் அடிவரை இறக்காமல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு வெளியே நிறுத்துவது. உதடு தேயாத இடத்தில் உட்காரும். ஆனால் சீல் தட்டுக்குள் போதிய ஆழம் பிடித்திருக்க வேண்டும், ஃபிளைவீலில் இடிக்கவும் கூடாது. நிலையான வழி, தேய்ந்த இடத்தின் மேல் மெல்லிய எஃகு உறை ஒன்றை ஏற்றுவது. எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி-ஸ்லீவ் போன்ற உறைகளின் சுவர் ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர்தான் என்பதால் பழைய அளவுச் சீலையே பயன்படுத்தலாம். தண்டின் தேயாத பகுதியை மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே உறை வாங்க வேண்டும். எமரி ஷீட்டால் தேய்த்துப் பள்ளத்தைச் சமப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம். நெடுக்குவாக்கில் தேய்த்த கோடுகள் ஆயிலை வெளியே இழுத்து வரும்.

புதுச் சீல் ஆறே மாதத்தில் போய்விட்டது. சீல் மட்டமானதா?

போலிச் சீல்கள் சந்தையில் உண்டு என்பது உண்மை. ஆனால் என்ஜின் மாற்றிய வண்டியில் நான் முதலில் தேடுவது டவல் பின்களை. பிளாக்கையும் பெல் ஹவுசிங்கையும் ஒரே மையத்தில் பிடித்து நிறுத்துபவை அந்தச் சிறு பின்களே. பழைய கியர் பாக்ஸைப் பிரித்தெடுக்கும்போது அவை அதோடு போய்விடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வெறும் போல்ட்டுகளை நம்பி ஹவுசிங்கைப் பூட்டினால், மையம் சற்று விலகும். அப்போது கியர் பாக்ஸின் முன் தண்டு கிராங்க்கின் முனையை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கமாக அழுத்தும்; கிராங்க்கின் முனையில் அந்தத் தண்டைத் தாங்கும் பைலட் பேரிங் அலறும், கிளட்ச் அதிரும், சீலின் உதடு ஒரு பக்கம் மட்டும் தேயும். கழற்றிய சீலின் உதட்டை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். தேய்மானம் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒடுக்கமாகவும் இருந்தால், குற்றம் சீலில் இல்லை.

ஃபிளைவீலின் போல்ட் துளைகள் உள்ளே திறந்திருக்கின்றனவா என்றும் ஒரு கம்பியை விட்டுப் பார்த்துவிடுவது நல்லது. சில என்ஜின்களில் அவை கிராங்க் அறை வரை போகும். அப்படி இருந்தால் போல்ட் மரையில் சீலண்ட் தடவாமல் பூட்டினால், ஆயில் மரை வழியாகவே வந்து, பின் சீல் கசிவதைப் போலவே காட்சி தரும்.

எஸ்டீம் சம்ப்பையே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்வதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிப்சியில் இலைப் பட்டைகள் தாங்கும் முழு அச்சு முன்னால் இருக்கிறது. பட்டைகள் அழுந்தும்போது அச்சு மேலே எழுந்து வரும். எஸ்டீமின் சம்ப் அதை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது அல்ல. நிறுத்தி வைத்திருக்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிட்டு, முதல் குழியில் அச்சு சம்ப்பை முத்தமிட்டதும் கசிவைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். பழைய ஜிப்சி என்ஜினின் சம்ப்பையும், அதற்கு உரிய ஆயில் உறிஞ்சு குழாயையும் வலையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சம்ப்பை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை விட்டுவிட்டால், வலை சம்ப்பின் அடியில் ஒட்டி நிற்கும், அல்லது ஆயில் மட்டத்துக்கு மேலே நிற்கும். பிறகு கசிவைவிடப் பெரிய தொல்லை காத்திருக்கிறது. உறிஞ்சு குழாய் ஆயில் பம்ப்போடு சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுவது கட்டாயம்.

பழைய சம்ப்பின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். முன்பு யாரோ மிகையாக இறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குவிந்திருக்கும். தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்துச் சிறு சுத்தியால் அந்தக் குவிவைத் தட்டிச் சமப்படுத்தாமல், எவ்வளவு விலை உயர்ந்த சீலண்ட் போட்டாலும் பலன் இல்லை.

சீலண்ட் எவ்வளவு, எப்படிப் போடுவது?

இந்த என்ஜினின் சம்ப்புக்குத் தனி கேஸ்கட் இல்லை, சீலண்டே கேஸ்கட். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் சிலிகான் சீலண்டாக இருந்தாலும் "அனபாண்ட்" என்றே கேட்டு வாங்குகிறோம். பெயர் எதுவானாலும், என்ஜின் ஆயிலைத் தாங்கும் வகை என்று டியூப்பில் எழுதியிருக்க வேண்டும். குளியலறைக் கண்ணாடிக்குப் போடும் சிலிகான் ஆயிலில் ஊறிக் கழன்றுவிடும்.

இரு பரப்புகளிலும் பழைய பசையை முழுவதும் சுரண்டி, தின்னரோ அசிடோனோ நனைத்த துணியால், துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். அலுமினியப் பரப்பைச் சுழலும் அரத் தட்டால் சுத்தம் செய்யக் கூடாது. அதிலிருந்து உதிரும் மணல் போன்ற துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். போல்ட் துளைகளில் தேங்கிய ஆயிலைக் காற்றடித்து வெளியேற்றுங்கள்.

சம்ப்பின் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள கோடு ஒன்றை, ஒவ்வொரு போல்ட் துளைக்கும் உட்புறமாகச் சுற்றிக்கொண்டு, எங்கும் அறுபடாமல் இழுக்க வேண்டும். முன்னால் ஆயில் பம்ப் சேரும் மூலைகளிலும் பின்னால் சீல் தட்டு சேரும் மூலைகளிலும் மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு வையுங்கள். மூன்று துண்டுகள் சந்திக்கும் அந்த மூலைகளே முதலில் கசிபவை. ஐந்து பத்து நிமிடங்களுக்குள் சம்ப்பை ஏற்றி, எல்லாப் போல்ட்டுகளையும் கையால் பூட்டி, பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி 11 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, ஒரு நாள் முழுவதும் ஆயில் ஊற்றாமல் விட்டுவிடுங்கள். உலர்ந்த பிறகு "இன்னும் கொஞ்சம்" என்று ஸ்பேனரைத் திருப்பினால், ஒட்டிய பசை பிளந்துவிடும்.

அதிகமாகப் போட்டால் பாதுகாப்பு அதிகம் என்று நினைப்பவர்களுக்கு: வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது மண்புழுபோல் அறுந்து விழுந்து, உறிஞ்சு வலையில் போய்ச் சேரும். சம்ப்பைத் திறந்து பார்த்தால் வலையின் பாதிக் கண்கள் சாம்பல் நிற ரப்பர்த் துணுக்குகளால் அடைபட்டிருக்கும் என்ஜின்கள் பட்டறைகளில் சாதாரணம். கசிவை நிறுத்தப் போய் ஆயில் பிரஷரை இழப்பது இப்படித்தான்.

டிப்ஸ்டிக்குக்கும் கசிவுக்கும் என்ன தொடர்பு?

சம்ப் ஒரு என்ஜினுடையது, டிப்ஸ்டிக்கும் அதன் குழாயும் இன்னொன்றுடையது என்றால், குச்சி காட்டும் அளவு பொய். மட்டம் அதிகமாகிவிட்டால் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரை பிரீதர் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியேறும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அந்தச் சம்ப்புக்குக் கையேடு சொல்லும் அளவை ஃபில்டரோடு சேர்த்து அளந்து ஊற்றி, ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியில் புதுக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாச் சீலையும் மாற்றியும் ஒழுகுகிறது. இனி என்ன?

என்ஜின் மூச்சுவிடுகிறதா என்று பாருங்கள். இதை இந்தப் பக்கத்தின் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்; ஆனால் எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

எந்த என்ஜினிலும் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் அறைக்குள் இறங்கும். எம்பிஎஃப்ஐ என்ஜினில் அதை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டேப்பெட் கவரிலிருந்து, இந்த வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிசிவி வால்வு வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் குழாய். ஐடிலிலும் மென்மையான ஓட்டத்திலும் இது உறிஞ்சி எடுக்கும். மற்றொன்று, கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் குழாய்; ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சும் சக்தி இல்லாமல் போவதால், மிஞ்சும் வாயு இந்த வழியாகப் போகும்.

எஸ்டீமின் ஏர் ஃபில்டர் பெட்டி ஜிப்சிக்குள் சரியாக அமையாது. ஆகவே வேறு ஃபில்டர் வைக்கிறார்கள். இந்த இரண்டாவது குழாய்க்கு இடம் இல்லாமல் போகிறது. சிலர் அதில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஏற்றத்தில் முழு மிதியில் போகும்போதெல்லாம் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடம். வேறு சிலர் குழாயைத் திறந்தபடியே தொங்கவிடுகிறார்கள். அழுத்தம் ஏறாது, ஆனால் தூசியும் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரும் நேரே என்ஜினுக்குள் போகும். புது ஏர் ஃபில்டருக்கும் திராட்டில் பாடிக்கும் இடையே உள்ள குழாயில் ஒரு முனையைப் பொருத்தி, பிரீதரை அதில் சேர்ப்பதுதான் முறை.

சோதிப்பது எளிது. ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் கையுறையை இழுத்து மாட்டுங்கள். கையுறை லேசாக உள்ளே இழுபட்டால் நல்லது. பலூன்போல் உப்பினால், குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது பிசிவி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. பிசிவியைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே மணி ஆடும் சத்தம் கேட்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் நிற்கிறது. இதுவும் கசிவா?

ஆம். பதினாறு வால்வு ஹெட்டில் பிளக்குகள் டேப்பெட் கவரின் நடுவே உள்ள குழல்களுக்குள் இருக்கின்றன; குழலைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள் விறைத்தால் ஆயில் குழிக்குள் இறங்கும், பிளக் கேபிளின் ரப்பர் ஊறி உப்பும், என்ஜின் மிஸ் அடிக்கும். கவர் கேஸ்கட்டோடு இந்த வளையங்களையும் சேர்த்து வாங்குங்கள். கவரை மிகையாக இறுக்கினால் ரப்பர் நசுங்கி வெளியேறும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கம் கவர் கசிந்தால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். சூடான மேனிஃபோல்டில் சொட்டும் ஆயில் புகைவதோடு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

முன்பக்கச் சீல்கள்?

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சீலும், ஆயில் பம்ப்பின் கூட்டில் உள்ள கிராங்க் முன் சீலும் டைமிங் பெல்ட் கவருக்குப் பின்னால் இருக்கின்றன. எப்படியும் புது டைமிங் பெல்ட் போடப் போகிறீர்கள். அதே வேளையில் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஆயில் நனைந்த பெல்ட்டைத் துடைத்துப் போடக் கூடாது.

சிறு இடங்களில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் மரை கூம்பு வடிவானது. மீட்டர் வைப்பதற்காக அதில் டி வடிவ இணைப்பைப் போடுபவர்கள், வேறு மரையுள்ள பித்தளை இணைப்பை வலிந்து ஏற்றுகிறார்கள். அது பிளாக்கைப் பிளக்கவும் கூடும். ஆயில் ஃபில்டரை மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் என்ஜினை ஓட்டிய நிமிடமே ஆயில் பீய்ச்சும். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

கசிவை நிறுத்தும் திரவத்தை ஆயிலில் கலக்கலாமா? கெட்டியான ஆயில் ஊற்றலாமா?

அந்தத் திரவங்கள் ரப்பரை உப்ப வைப்பவை. விறைத்த சீல் ஓரளவு இளகிச் சில மாதங்கள் தாங்கலாம். கிழிந்த சீலுக்கும், கழன்ற சீலண்டுக்கும், அடைபட்ட பிரீதருக்கும் அவை எதுவும் செய்யா. வண்டியை விற்கப் போகிறவருக்கு அவை பயன்படலாம். கெட்டியான ஆயிலும் அப்படியே: கசிவு மெதுவாகும், ஆனால் அதிகாலையில் என்ஜினை எழுப்பும்போது மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும்.

வேலை முடிந்த பிறகு எப்படிச் சோதிப்பது?

பற்றவைப்பைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். பிறகு ஓட்டி, அடியில் வெள்ளை அட்டையை விரித்து, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் அளவு சூடாகும் வரை ஐடிலில் விடுங்கள். முதலில் ஃபில்டரையும் ஸ்விட்ச்சையும், பிறகு டேப்பெட் கவரின் பின்மூலையையும், கடைசியில் பெல் ஹவுசிங்கையும் பாருங்கள். வடித்தெடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பயன்படுத்திய ஆயிலை முறையாகச் சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சமதரையில் உலர்ந்திருப்பது மட்டும் போதாது. ஏற்றத்தில் ஆயில் சம்ப்பின் பின்பக்கம் திரண்டு, பின் தட்டின் அடிவிளிம்பை நனைக்கும். முழு மிதியில் கிராங்க் அறையின் அழுத்தமும் உச்சத்துக்குப் போகும். இந்த இரண்டும் சேர்ந்து வரும் பாதையில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். நாமக்கல் பக்கம் உள்ளவர்களுக்குக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைவிடச் சிறந்த சோதனைக் களம் கிடையாது. மேலே ஏறியதும் என்ஜினை அணைத்து, பெல் ஹவுசிங்கின் கீழ்த் தகட்டை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் வியர்வை போன்ற படலம் மட்டும் ஒட்டினால் அடுத்த ஆயில் மாற்றத்தின்போது மறுபடி பார்த்துக்கொள்ளலாம். சொட்டாகத் திரண்டிருந்தால், இறங்கி வந்ததும் முதலில் பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, அடுத்து ஹெட்டின் பின்முனைக்குக் கண்ணாடியைக் கொண்டுபோங்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் கியர் பாக்ஸை இறக்க ஆள் கூப்பிடுங்கள்.